விறகுக்குப் போவது யார்?

கச்சா எண்ணெய் விலை ஏறினால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஒரு வாதம் உண்டு. விலை ஏறினால் குறைவாக எரிப்பார்கள், புகை குறையும் என்பார்கள். கார் வைத்திருப்பவர்களின் கணக்கு அது. கேஸ் தீர்ந்த வீட்டில் சோறாக்காமல் இருக்க முடியாது, விறகுதான் எரியும்.

சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இந்தியா இறக்குமதி செய்கிறது. அதன் விலை சவுதியின் அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் விலையை ஒட்டியே நகர்கிறது. 2020இல் கச்சா எண்ணெய் சரிந்தபோது ஒன்றிய அரசு என்ன செய்தது? மே மாதத்தில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை ஏற்றியது. விலைதான் குறைந்துவிட்டதே என்று சிலிண்டர் மானியத்தையும் நிறுத்தியது. சரி, விலை ஏறியபோது மானியம் திரும்பியதா? டெல்லியில் 2020 நவம்பரில் 594 ரூபாய்க்கு விற்ற சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,103 ரூபாய். உஜ்வாலா பயனாளிகளுக்கு மட்டும், அதுவும் 2022 மே மாதத்தில்தான், 200 ரூபாய் தந்தார்கள். இந்த ஏற்றத்துக்கு முன்பே, 2018 இறுதியில், உஜ்வாலா குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று சிலிண்டர்தான் வாங்கின என்கிறது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை.

மிச்ச நாளுக்கு விறகு. அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது. நிலம் உள்ளவருக்கு வரப்பு மரம் உண்டு, பருத்திமார் உண்டு, தொழுவத்துச் சாணியில் வறட்டி உண்டு. நிலமில்லாத சேரிப் பெண்ணுக்குப் புறம்போக்கும் கண்மாய்க்கரைச் சீமைக்கருவேலமும்தான். புறம்போக்கையும் ஊர்ப் பெரியவர்கள் வளைத்துவிட்டால் அடுத்தவர் தோட்ட வேலிதான் கதி. அங்கே சுள்ளி ஒடித்தால் சாதிப் பெயரோடு வசவு விழும். அந்த வேலிப் பக்கம் போகாமல் உலை வைக்கச் சிலிண்டர் உதவியது. விலை ஏற்றம் அவளை மறுபடி அங்கேயே அனுப்புகிறது. காட்டோரம் என்றால் வனக்காவலர் மடக்குவார், காட்டை அழிக்கிறாள் என்று!

வீட்டு அடுப்புப் புகையால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 32 லட்சம் பேர் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒற்றை அறை வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பெண்களும் கைக்குழந்தைகளும்.

கேஸும் பூமியைச் சூடாக்கும் எரிபொருள்தானே என்று சூழலியல் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். ஆமாம். மின்னடுப்பும் அதற்கான மின்சாரமும் காலனி வீடுகளுக்கு மலிவாக வரட்டும், அப்போது கேஸை விடுவது பற்றிப் பேசுவோம். அதுவரை கேட்க வேண்டியது இதுதான்: எண்ணெய் மலிந்தபோது அள்ளிய வரியிலிருந்து, நிலமற்ற குடும்பங்களுக்கு உலகச் சந்தை எப்படி ஆடினாலும் மாறாத விலையில் ரேஷன் கடையிலேயே சிலிண்டர் கொடு.