ஒரே குடும்பம்தான், பங்குதாரர்கள் வேறு

"எல்லாம் ஒரே வீட்டுக் கம்பெனிகள். இங்கே விற்றாலும் அங்கே வாங்கினாலும் பணம் எங்கே போய்விடும்? செபி வீண் காகித வேலை வைக்கிறது." ஒரே குடும்பத்தின் கம்பெனிகள் தங்களுக்குள் செய்யும் வியாபாரத்துக்குப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வைக்கும் விதிகளைப் பற்றித் தொழில் ஊர்களில் பலரும் நம்பும் வாதம் இது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அந்த 'ஒரே வீடு'. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸும், பின்னாளில் வந்த ராம்கோ சிமெண்ட்ஸ், ராம்கோ இண்டஸ்ட்ரீஸ், ராம்கோ சிஸ்டம்ஸும் பங்குச்சந்தையில் தனித்தனியே பட்டியலானவை. நிர்வகிக்கும் குடும்பம் ஒன்று, பங்குதாரர்கள் வேறு. ராம்கோ சிஸ்டம்ஸ் பங்கு மட்டும் வைத்திருப்பவருக்கு மில்லின் லாபத்தில் காலணா வராது. (அங்கே தவறு நடந்ததாக நான் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்த அமைப்பு என்பதால் எடுத்துக்கொண்டேன்.) ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்காரர் தம்பியிடம் லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூட்டிக்கொடுத்துப் பால் வாங்கினால் அது அவர் சொந்தப் பணம், யாரும் கேட்க முடியாது. பட்டியலிட்ட கம்பெனியில் அந்த இரண்டு ரூபாயில் ஊரார் பணமும் இருக்கிறது.

அடுத்து, "சந்தை விலைக்குத்தானே கொடுக்கிறோம், அப்புறம் எதற்கு அனுமதி?" இதில் பாதி சரி. வழக்கமான தொழிலில், வெளியாருக்குப் போடும் அதே விலையில் நடந்தால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 188ஆம் பிரிவு கேட்கும் ஒப்புதல் தேவையில்லை. ஆனால் செபியின் 2015 பட்டியல் விதிகளில், 23ஆம் விதியின்கீழ் அந்த விலக்கு கிடையாது. சந்தை விலையானாலும் தணிக்கைக் குழு முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும்; குழுவிலும் சுயேச்சை இயக்குநர்கள் மட்டுமே முடிவு செய்வார்கள். காரணம் தெளிவானது. நூலுக்கும் பஞ்சுக்கும் அன்றன்றைக்கு விலை உண்டு. தங்கை நிறுவனத்தின் வங்கிக் கடனுக்குப் போடும் ஜாமீனுக்கு, குடும்பப் பெயரைப் பயன்படுத்தத் தரும் ராயல்டிக்கு, கொடுத்துவைத்த கைமாற்றின் வட்டிக்கு எந்தச் சந்தை விலை சொல்லும்? பணம் சத்தமில்லாமல் இடம் மாறுவது பெரும்பாலும் இந்த வழிகளில்தான். அங்கே "நியாயமான விலை" என்று விற்பவரும் வாங்குபவருமான ஒரே ஆள் சொன்னால் போதாது.

காகித வேலை என்ற புலம்பலும் மிகை. திரும்பத் திரும்ப நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குத் தணிக்கைக் குழு ஓராண்டுக்கு மொத்த ஒப்புதல் தரலாம். லாரிக்கு லாரி கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

"பெரும்பான்மைப் பங்கு குடும்பத்திடம், ஓட்டு வெறும் சடங்கு" என்பதுதான் சிறு பங்குதாரரைச் சோர்வடையச் செய்யும் பேச்சு. அது தவறு. நம் ஊர்க் கம்பெனிகளின் அளவுக்கு, ஒருங்கிணைந்த ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதத்தைத் தாண்டும் பரிவர்த்தனை பங்குதாரர் முன் வந்தாக வேண்டும். அதை ஆதரித்துத் தொடர்புடைய தரப்பினர் (நிறுவனர் குடும்பம், அவர்கள் சார்ந்த நிறுவனங்கள் போன்றோர்) யாரும் வாக்களிக்க முடியாது, அந்தப் பரிவர்த்தனையில் அவர்கள் இல்லாவிட்டாலும்கூட. 2014 நவம்பரில் மதுபான நிறுவனமான யுனைடெட் ஸ்பிரிட்ஸ் முன்வைத்த 12 தீர்மானங்களில் 9 தோற்றன. அதன் அப்போதைய தலைவர் விஜய் மல்லையா சார்ந்த நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் அவற்றில் அடக்கம்.

இந்த விதிகள் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு சத்யம் என்ற மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. 2008 டிசம்பரில் நிறுவனர் குடும்பத்தின் மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது, பங்குதாரரைக் கேட்காமலே. முதலீட்டாளர்கள் கொதித்ததால்தான் சில மணி நேரத்தில் பின்வாங்கியது.

இன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நிதி முடிவுகள் வெளியாகும் நாளிலேயே, யாருடன் எவ்வளவு, கடனானால் எந்த வட்டிக்கு என்ற பட்டியல் பங்குச்சந்தைத் தளத்தில் ஏறிவிடுகிறது. நூறு பங்கு வைத்திருப்பவரும் அதைத் திறந்து பார்க்கலாம்.