கல்லைக் கண்டார், குடியைக் காணார்

பழஞ்சின்னங்களைக் கண்டு வருவது அறிவை வளர்க்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கல்லைக் கண்டு வியந்துவிட்டு, அக்கல்லருகே வாழ்ந்து வாடிய மனிதரைப்பற்றி ஒரு வினாவும் எழுப்பாது திரும்புவோரின் பயணம் அறிவுப் பயணமாகாது, வெறும் கண்விருந்தேயாகும்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் மாகடலில் லூயிஸ் என்னும் தீவு இருக்கிறது. படுக்கையும் அடுப்பும் அமைந்த மோட்டார் வண்டியைக் கப்பலில் ஏற்றிச் சென்று, ஒரே பகலில் அத்தீவின் பழஞ்சின்னங்களைச் சுற்றிப் பார்ப்பது இக்காலத்தார் வழக்கம். ஏறத்தாழ 5,000 ஆண்டுகட்கு முன் நாட்டப்பெற்ற காலனிஷ் நெடுங்கற்கள், 2,000 ஆண்டு கண்ட கார்லவே வட்டக்கோட்டை, ஆர்னல் சிற்றூரின் கூரை வேய்ந்த ‘கறுப்பு வீடு’ ஆகிய மூன்றையும் கண்டு, படமும் பிடித்துக்கொண்டால் தீவையே அறிந்துவிட்டதாக அவர்கள் எண்ணுகிறார்கள்.

காலனிஷ் கற்களின் அடிப்பாகத்தை, புல்பூண்டு மக்கி உண்டான கரிமண் ஐந்தடி ஆழத்துக்கு மூடியிருந்தது. 1857இல் அதனை வெட்டி அகற்றச் செய்தவர், தீவின் உடைமையாளரான சர் ஜேம்ஸ் மாத்திசன். கல்லுக்கு விடுதலையளித்த இப்பெருமான் தீவை வாங்கியது எப்பணத்தால்? இந்தியாவில் விளைந்த அபினியைச் சீன அரசின் தடையை மீறிச் சீனருக்கு விற்றுக் குவித்த பணத்தால்! 1844இல் தீவு முழுவதும், அதில் வாழ்ந்த குடிகளின் தலைவிதியோடு, அவர் கைக்கு வந்தது. ஸ்டோர்னவே துறைமுகத்தின் எதிரே அவர் எழுப்பிய மாளிகையை இன்றும் காணலாம்.

“1846இல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது அவர் மாவு வழங்கவில்லையா? சாலை அமைக்கவில்லையா?” என்று கேட்பர் சிலர். வழங்கினார், அமைத்தார். அதற்காக 1851இல் பாரனெட் பட்டமும் பெற்றார். ஆனால் அதே 1851இல்தான் குடிகளைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பும் வேலையும் தொடங்கிற்று. 1855க்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தாய்மண்ணைவிட்டுப் போயினர். போகவேண்டியவர் யார் என்று பட்டியலிட்டவர் பண்ணை அதிகாரி; குத்தகைப் பாக்கியே அதற்கு முக்கிய அளவுகோல். பாக்கிக்காரனிடம் “போகிறாயா?” என்பதும் “போ!” என்பதும் ஒன்றன்றோ?

இனிக் கறுப்பு வீட்டைக் காண்போம். மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ், நடுவீட்டில் கரிமண் நெருப்பு, புகைபோக்கி இல்லை. “என்ன எளிய வாழ்வு! என்ன அழகு!” என்கிறார் பயணி. எளிமை விரும்பி ஏற்பது. இது வேறு வழியின்றி ஏற்றது. நிலவுடைமையாளர் நினைத்தால் குடியானவனை வெளியேற்றலாம், அவன் செய்த திருத்தத்துக்கு ஈடு தரவேண்டியதில்லை என்றிருந்த நாளில், நல்ல வீடு கட்ட எவனுக்கு மனம் வரும்? அவ்வீட்டுப் புகையில் வறுமை மட்டுமன்று, அநீதியான நிலச் சட்டமும் கலந்திருந்தது.

1874இல் பெர்னெரா என்னும் சிறு தீவின் குடியானவர்கள் வெளியேற்றத்தை எதிர்த்து நின்றனர். மாத்திசனின் மாளிகை வரை நடந்துசென்று முறையிட்டனர். வழக்கில் நிறுத்தப்பட்ட மூவரும் விடுதலை பெற்றனர். இத்தகைய கிளர்ச்சிகளின் பயனாகவே 1886இல் குடியானவர் சட்டம் பிறந்தது. நிலத்தில் நிலைபேறு, நியாயமான குத்தகை, திருத்தத்துக்கு ஈடு ஆகிய மூன்றும் சட்ட உரிமைகளாயின. ஆர்னலில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் வீட்டிலோ 1966 வரையிலும் மக்கள் குடியிருந்தனர்! உரிமை பெறுவதற்கு ஒரு தலைமுறை. அதன் பயனை நுகர்வதற்கு இன்னும் எத்தனையோ தலைமுறை!

கற்களை நாட்டியவர் பெயர் எவருக்கும் தெரியாது. அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. துரத்தப்பட்டவரின் வரலாறோ ஏட்டில் இருக்கிறது. அதைப் படியாதிருப்பது அறியாமையன்று, அலட்சியம். ஆகவே, பழஞ்சின்னம் காணச் செல்வோரே! எந்நாட்டுக்குச் சென்றாலும், “இதைக் கட்டியவர் யார்?” என்பதோடு நில்லாதீர். “இந்நிலம் யாருடையதாயிருந்தது? இங்கிருந்து விரட்டப்பட்டவர் யார்?” என்றும் கேளுங்கள். வாய்திறந்து கேட்பவனுக்கே வரலாறு விடை சொல்லும்.