கொடையும் தீர்மானமும்

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து தேட ஒரு மென்பொருள் வேண்டியதாயிற்று. இந்நாட்டுக் கணினித் துறையினர் பலர் ஊதியங் கருதாது ஆக்கியதே 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். எவரும் எடுத்துத் திருத்துமாறு அதன் நிரல் திறந்து விடப்பட்டது. 2005ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது.

திறந்த கதவால் வருவன யாவும் உள்ளே வைக்கத்தக்கனவோ? அல்ல. பிழையான ஒரு வரி, முகாமிலே தாயைத் தேடும் பிள்ளைக்கு வேறொருத்தியைக் காட்டிவிடும். ஆதலால் வருந் திருத்தங்களைச் சோதித்துச் சேர்ப்போர் சிலர் வேண்டும். அவர்க்கு அதிகாரம் இருப்பதை நாம் குறைகூறோம். காரணங் கூறாது மறுப்பதையும், அதனினுங் கொடிதாக, மறுமொழியே எழுதாதிருப்பதையுமே குறைகூறுவோம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பரீட்சைப் படிப்புக்கிடையே கண்விழித்துத் தன் முதற் றிருத்தத்தை அனுப்பும் மாணவன், மாதக்கணக்கிற் காத்திருந்தபின் மற்றொன்று அனுப்புவானா?

அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர் அடுப்படியில் நின்று உப்பின் அளவைத் தீர்மானிப்பதில்லை. (அவ்வாறு நிற்போரையும் நாம் கண்டதுண்டு, அது வேறு கதை.) மென்பொருளிலோ, மனங் கசந்தவர் அதே நிரலைப் பிரதிசெய்து வேறோர் அடுப்பு மூட்டலாம், உரிமம் இடந்தருகிறது. தீர்மானிப்போரின் தன்னிச்சைக்கு அதுவே கடிவாளம். ஆனால் உள்ள சில கைகளும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

இத்துறையிலுள்ள பழைய மாணவர் சிலர் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, நம் மாணவர் எழுதும் திருத்தங்களை அனுப்புமுன் பார்த்துக் குறைநிறை சொல்லலாகாதா?