ஒரே படியாய் இருக்கும் பெயர்கள்

தமிழ்நாடு ஆயர் பேரவைத் தலைவர் அவர்களுக்கு,

1606இல் தொடங்கிய மதுரை மிஷனின் வரலாறு 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோதும் அழிந்துவிடவில்லை. அதைத் தொடங்கிய தத்துவ போதகரும் அவருக்குப் பின்வந்தவர்களும் எழுதிய மடல்கள் ரோமையைச் சென்றடைந்திருந்ததே காரணம். அவற்றில் பலவற்றை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்த்ராண் அடிகளார் பிரெஞ்சு மொழியில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். மிஷனின் ஆவணங்களுக்குச் செண்பகனூரில் தனிக் காப்பகமே இருக்கிறது. குருக்கள் தம் மேலவர்களுக்கு எழுதியவை இப்படிப் பேணப்பட்டன. அதே குருக்கள் மக்களைப் பற்றி எழுதி வைத்த திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகளோ பங்கு இல்லத்து அலமாரிகளில் இருக்கின்றன. ஆண்டுதோறும் அவற்றின் படி ஒன்றை ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கேட்டது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. 1917க்கு முந்தைய ஏடு ஒன்றைக் கறையான் அரித்தால், அதற்கு வேறு படி இருக்கும் என்று நம்ப இடமில்லை. நூறாண்டு கடந்த பதிவேடுகளை ஒவ்வொரு மறைமாவட்டமும் படியெடுத்து, எழுத்துவடிவ விதி ஒன்றின்கீழ் படிப்போருக்குத் திறக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நிலம் உள்ளவருக்குப் பத்திரம் இருந்தது, பதவி உள்ளவருக்குக் கல்வெட்டு இருந்தது. கூலிக்காரருக்கும் கடலோடிக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் பெயர் எழுதப்பட்ட இடம் பெரும்பாலும் இந்த ஏடு ஒன்றுதான். பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர், நாள் எல்லாம் ஓரிரு வரியில் அடங்கும். அந்த வரியின் ஓரமும் பேசும். 1908இல் நடைமுறைக்கு வந்த திருச்சபையின் திருமண ஆணைக்குப் பின், ஒருவர் எந்த ஊரில் மணம் முடித்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு வந்து ஓரக்குறிப்பாக ஏற வேண்டும். இலங்கைத் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் தடத்தை, ஆள்கணக்காக அல்லாமல் ஆளாகவே காட்டக்கூடிய சான்று இது. 1876–78 பஞ்சத்தை அரசின் புள்ளிவிவரங்களில் படிக்கிறோம். ஒரு பங்கின் இறப்பேட்டில் அதே பஞ்சம் வீடுவீடாகத் தெரியும்.

இவை அந்தரங்கம் என்பார்கள். முறைதவறிய பிறப்பும் தத்தெடுப்பும் பதிவானவை என்பதால் அந்தக் கவலை நியாயமானது. நூறாண்டு வரம்பு அதற்காகத்தான். வெளியாருக்குப் படியைக் கொடுத்தால் தவறாகப் பயன்படும் என்ற அச்சமும் வெறுங்கற்பனையன்று. பதிவேடுகளை யூட்டா வம்சாவளிச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டாம் என்று 2008இல் வத்திக்கானே ஆயர்களுக்கு எழுதியது. ஆனால் திருச்சபை தானே படியெடுத்துத் தன் கையில் வைத்துக்கொள்வதற்கு அந்த மடல் தடையாகாது. பழைய பங்கேடுகளைக் கவனமாகக் காக்கச் சொல்கிறது சட்டத் தொகுப்பின் 535ஆம் விதி. மறைமாவட்டத்துக்கு வரலாற்றுக் காப்பகம் வேண்டும், அதைப் பார்வையிடும் நெறியை ஆயர் வகுக்க வேண்டும் என்கிறது 491ஆம் விதி. நான் கேட்பது புதுச் சலுகை அல்ல.

சாதி பற்றிய தயக்கம்தான் எல்லாவற்றிலும் கனமானது. பழைய ஏடுகளில் சாதிப் பெயர் வருமிடங்கள் உண்டு. அவற்றைத் திறந்தால் புண் மீண்டும் கிளறப்படும் என்று அஞ்சுவோர் நல்லெண்ணத்தோடுதான் அஞ்சுகிறார்கள். எனினும் மூடி வைப்பதால் யார் காக்கப்படுகிறார்கள்? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்ந்தது என்று அவர்கள் சொல்லும்போது, திருச்சபையின் கையெழுத்திலேயே இருக்கும் சான்றை ஏன் பூட்டி வைக்க வேண்டும்? அது நமக்குக் கூச்சம் தரலாம். அந்தக் கூச்சத்தின் விலையை அவர்கள் கொடுக்கக் கூடாது.

செலவைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம்; நல்ல கேமராவும் பயிற்சி பெற்ற இருவரும் ஒரு வட்டாரத்துக்குப் போதும். அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. இந்த ஏடுகளின் பழைய லத்தீன் கையெழுத்தையும் அதன் சுருக்கக்குறிகளையும் தடையின்றிப் படிக்கக்கூடிய முதிய குருக்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால், அவர்களை அருகில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இங்ஙனம்,
திருச்சபை வரலாற்றில் அக்கறையுள்ள ஒருவர்