கலைச் சந்தையில் நம் பிள்ளைகளுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்



"அடையாள அட்டை இல்லாதவனுக்கும் வீடு இல்லாதவனுக்கும் போராட வேண்டிய இயக்கம், சினிமாக்காரர்கள் கூடும் மாநாட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பிள்ளைகளின் உழைப்பு இன்று தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் மட்டும் இல்லை. கேமரா தூக்குகிறார்கள், பாட்டு எழுதுகிறார்கள், குறும்படம் எடுக்கிறார்கள், படத்தொகுப்பு செய்கிறார்கள். அந்த உழைப்புக்கு என்ன விலை, யார் அதன் சொந்தக்காரர் என்பதும் உரிமைப் பிரச்சனையே.

ஆண்டுதோறும் டிசம்பரில் சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸ் மண்டபத்தில் ஆசியத் தொலைக்காட்சிச் சந்தையும் மாநாடும் நடக்கிறது. ஏ.டி.எஃப். என்பார்கள். 2000-ஆம் ஆண்டு தொடங்கியது. ஹாங்காங்கில் 1997-லிருந்து ஃபில்மார்ட் நடக்கிறது. தென் கொரியாவின் பூசான் திரைப்பட விழாவோடும் ஒரு சந்தை உண்டு. இவை புக்கிட் ஜாலிலில் நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நட்சத்திரக் கலை இரவு போன்றவை அல்ல. இங்கே தொலைக்காட்சி நிலையங்களும் இணையத் திரை நிறுவனங்களும் வாங்க வருகின்றன. தயாரிப்பாளர்கள் விற்க வருகிறார்கள். முன்கூட்டியே நேரம் குறித்து, அரை மணி நேரம் மேசையில் உட்கார்ந்து வியாபாரம் பேசுகிறார்கள். பக்கத்து அறையில் கருத்தரங்கு நடக்கும். புதியவர்கள் தங்கள் கதையைச் சில நிமிடங்களில் எடுத்துச் சொல்லும் போட்டியும் உண்டு.

அங்கே போனால் என்ன கிடைக்கும்? முதல் நாளே ஒப்பந்தம் கிடைக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம். பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். ஆனால் ஒரு பாடம் கற்றுக்கொண்டு திரும்புவார்கள். ஒரு படத்தின் உரிமை ஒரே பொருள் அல்ல, அதைத் துண்டு துண்டாக விற்கலாம் என்பதே அந்தப் பாடம். தொலைக்காட்சி உரிமை வேறு, இணைய உரிமை வேறு. மலேசியாவுக்கு ஒருவரிடம், சிங்கப்பூருக்கு இன்னொருவரிடம் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறலாம். வேறு மொழியில் மறுபடி எடுக்கும் உரிமையைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நம் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு வழக்கறிஞர்களிடம் கொண்டுவரும் தாள்களில் என்ன இருக்கிறது தெரியுமா? 'எல்லா உரிமைகளும், எல்லா நாடுகளிலும், எக்காலத்துக்கும்' என்று ஒரே வரி. அந்த வரிக்குக் கிடைத்த பணம் சில சமயம் கேமரா வாடகைக்கே போதாது. அந்தத் தம்பி ஏமாளி அல்ல. வேறு விதமாகவும் எழுதலாம் என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவைப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு நீங்கள் ஒரு படைப்பைச் செய்து கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், அதன் பதிப்புரிமை அவருக்கே போய்விடும். முதலாளியிடம் வேலை செய்யும்போது உருவாக்கியதும் அப்படியே. திரைப்படத்தில் 'படைப்பாளி' என்று இந்தச் சட்டம் சொல்வது இயக்குநரை அல்ல, படம் எடுக்க ஏற்பாடு செய்தவரை. ஆகவே வேலை தொடங்கும் முன்பே பேசி, எழுதி வாங்க வேண்டும். 27-ஆவது பிரிவின்படி, எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. வாய்ச்சொல்லை நம்பி உரிமை வாங்கியதாக யாராவது சொன்னால், அதை எதிர்க்க இந்தப் பிரிவு உங்களுக்கு உதவும். மைஐபிஓ அலுவலகத்தில் படைப்பைப் பற்றி அறிவிப்பு கொடுத்து வைப்பது கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் அது சான்றாக நிற்கும்.

"நம் கதையை யார் வாங்குவார்கள்?" என்ற தயக்கம் வேண்டாம். 2007-இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' ஒரு மலாய்க் கம்பத்துச் சிறுவர்களின் கதை. அது இந்தோனேசியா வரை வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. நம் பக்கம் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015-இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் கதை. 2016-இல் தேசிய மொழி அல்லாத படம் என்று அதைத் தனிப் பிரிவில் ஒதுக்கியபோது எல்லா இனக் கலைஞர்களும் குரல் கொடுத்தார்கள். விதி மாறியது. மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த படம் என்ற விருதை 'ஜகாட்' வென்றது. குரல் கொடுத்ததால்தான் கதவு திறந்தது.

இப்போது செலவுக்கு வருவோம். நுழைவுக் கட்டணமும் தங்கும் செலவும் பாட்டாளிக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. கடன் வாங்கிப் போகாதீர்கள். நகையை அடகு வைக்காதீர்கள். கையில் முடித்த படமோ, முழுமையான திரைக்கதையும் மாதிரிக் காட்சியும் இல்லாதவர்கள் போக வேண்டியதே இல்லை. நான்கைந்து சிறிய குழுக்கள் சேர்ந்து பணம் போட்டு, எல்லாருடைய முன்னோட்டங்களையும் ஒருவரிடம் கொடுத்து அனுப்புங்கள். தீபகற்பத்தில் இருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் பஸ்ஸில் போகும் தூரம்தான். போய் வந்தவர் மற்றவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஆனால் முழுச் சுமையையும் நாமே சுமக்கத் தேவையில்லை. பினாஸ், எம்டெக் போன்ற அரசு அமைப்புகள் இத்தகைய சந்தைகளுக்கு மலேசிய நிறுவனங்களை அழைத்துச் சென்றிருக்கின்றன. அது நம் வரிப்பணம். அப்படியானால் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் இடம் பெற என்ன தகுதி? அந்த அறிவிப்பு தமிழ் நாளிதழ்களிலும் மின்னல் பண்பலையிலும் வருகிறதா? இதுவரை எத்தனை தமிழ்ப் படைப்புகள் போயிருக்கின்றன? எண்ணிக்கையை வெளியிடுங்கள் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். சலுகை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேமராவோடு அலைந்தால் உதவாக்கரை என்று திட்டாதீர்கள். அதே நேரம் "கையெழுத்துப் போட்டாயா? என்ன எழுதியிருந்தது? எத்தனை வருடத்துக்கு?" என்று கேளுங்கள். சொந்தத் தொழில் செய்யும் கலைஞர்களும் 2020 முதல் சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்பில் சேரலாம். சேர்ந்திருக்கிறானா என்றும் கேளுங்கள்.

நம் முன்னோர் படிக்கத் தெரியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறி வந்தார்கள். படித்த பேரப்பிள்ளைகள் படிக்காமலே கையெழுத்துப் போடக் கூடாது. ஒப்பந்தத் தாள் கைக்கு வந்தால், கையெழுத்துக்கு முன்பே நம் இயக்கத்தின் வழக்கறிஞர்களிடம் கொண்டு வாருங்கள். அடுத்த டிசம்பருக்குள் முதல் குழுவை அனுப்பிக் காட்டுவோம்.