தெளிய விடாத சட்டம்

ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். ஊர்ப் புதினம் கேட்பதற்காக அல்ல. "மாமா, பியர் போட்டு 2 கிழமையாச்சு. இன்னும் கலங்கலாத்தான் கிடக்குது. பீப்பாவுக்கை அடைக்கலாமோ?" என்றான். வெள்ளவத்தையில் கடற்காற்றை வாங்கிக்கொண்டு மாடிக் குடியிருப்பில் காலங்கழிக்கும் ஒரு பழைய பத்திரிகைக்காரனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் காரணம் இருக்கிறது. கொட்டாஞ்சேனைக் கதைகளை அவனுக்குச் சொல்லி வளர்த்தவன் நான்.

அறுபதுகளில் நாங்கள் ஜம்பட்டா வீதிக்கு அண்மையில் குடியிருந்தோம். அடுத்த வீட்டுப் பறங்கிப் பெண்மணி நத்தாருக்குச் சில வாரங்களுக்கு முன்னரே 'மில்க் வைன்' தயாரிக்கத் தொடங்கிவிடுவார். சாராயத்தில் சீனி, வாசனைத் திரவியங்கள், தேசிக்காய்ப்புளி ஆகியன சேர்த்துப் பாலை ஊற்றுவார். பால் திரைந்து, கலங்கலையெல்லாம் தன்னோடு அள்ளிக்கொள்ளும். பின்னர் துணியில் கட்டித் தொங்கவிடுவார். துளித்துளியாக, பொன்னிறத்தில், கண்ணாடிபோல் இறங்கும். ஒருநாள் பொறுமையிழந்து நான் அந்தத் துணியைப் பிழிந்துவிட்டேன். பாத்திரம் முழுவதும் மீண்டும் கலங்கிப்போயிற்று. அன்று வாங்கிய ஏச்சு இன்றும் காதில் இருக்கிறது.

ஆகவே மருமகனிடம் "அடைக்காதே" என்றேன். பியர் கலங்கியிருப்பதற்கு முதற்காரணம், நொதித்தல் முடிந்த பின்னரும் அடங்காமல் மிதந்து திரியும் மதுவம், அதாவது ஈஸ்ட். இரண்டாவது, தானியத்திலிருந்து வந்த புரதம். அடர்த்திமானியில் 2, 3 நாட்கள் ஒரே அளவு காட்டினால்தான் நொதித்தல் ஓய்ந்ததென்று பொருள். அதற்கு முன் போத்தலில் அடைத்தால் போத்தல் வெடிக்கும். ஓய்ந்த பின் உறைநிலைக்குச் சற்று மேலே, 1 அல்லது 2 பாகை செல்சியசில், சில நாட்கள் அசைக்காமல் வைத்தால் மதுவம் திரண்டு அடியில் படியும். மேலே தெளிந்ததை மாத்திரம் குழாயால் இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். அவசரக்காரர்கள் ஜெலற்றின் சேர்ப்பார்கள். ஆங்கிலேயர் நெடுங்காலமாக மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்த்தார்கள். தமிழகக் கரையோரத்தில் நெட்டி என்று விலைபோகும் பொருள் அதுதான். நல்லூர்த் திருவிழா முடியும்வரை மச்சம் தொடாத நம்மவர் எத்தனை பேர் லண்டன் மதுச்சாலைகளில் அந்தக் காற்றுப்பையின் புண்ணியத்தால் தெளிந்த பியரை அருந்தியிருப்பார்களோ!

இவ்வளவும் ரொறன்ரோவில். இதையே நான் வெள்ளவத்தையில் செய்தால் குற்றவாளி. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி மது தயாரிப்பது தண்டனைக்குரியது. விற்கவில்லை, நானே குடிக்கப்போகிறேன் என்பது சமாதானம் ஆகாது. இச்சட்டம் யாருடைய நலனுக்காக எழுந்தது? குடிமக்களின் ஈரலைக் காக்க அல்ல, குடியேற்ற அரசின் திறைசேரியைக் காக்க. அதே 1912இல்தான் புதிய தவறணைகளை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் இந்நாட்டில் பொங்கியெழுந்தது என்பதை நினைவிற் கொள்க. வெள்ளைக்காரனின் வடிசாலை 1881இலேயே நுவரெலியாவின் குளிரில் எழுந்துவிட்டது. அவன் போனான், சட்டம் இருக்கிறது.

இங்கே எனக்கும் ஒரு பங்கு உண்டு. செய்தி ஆசிரியர் மேசையில் இருந்த காலம் முழுவதும், களனி கங்கைக் கரையில் கோடா பீப்பாய்கள் கைப்பற்றப்பட்டன என்ற பொலிஸ் செய்திகளை எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பினேன். கோடா ஏன் கசிப்பாக வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை எளிது. மறைந்து செய்பவனுக்கு நேரமில்லை. நொதித்ததைத் தெளிய வைத்துக் காத்திருக்க வாரங்கள் வேண்டும், இடம் வேண்டும், குளிர் வேண்டும். பீப்பாய் நிறைந்த மெல்லிய மதுவை ஒளிப்பது கடினம், அதை வடித்தெடுத்த ஒரு கானை ஒளிப்பது சுலபம். ஆகவே சதுப்பில் தாழ்த்திய பீப்பாயிலிருந்து அவசரமாக எடுத்து, அவசரமாக வடித்து, அவசரமாக விற்கிறான். சட்டம் மென்மதுவைத் தடுத்து வன்மதுவை வளர்க்கிறது. 2022 நெருக்கடிக்குப் பின் வரியை மீண்டும் மீண்டும் ஏற்றியபோது ஏழைக் குடிகாரன் குடியை விட்டானா? கசிப்புக்குப் போனான்.

குடியால் அழிந்த குடும்பங்களை நான் அறியாதவனல்லன். என் சக ஊழியர் இருவரைக் கனத்தை மயானத்துக்குத் தூக்கிச் சென்றிருக்கிறேன். அவர்கள் குடித்தது முத்திரை ஒட்டிய சாராயம், அரசுக்கு வரி செலுத்திய சாராயம். வீட்டில் காய்ச்ச விட்டால் நாடு குடியில் மூழ்கும் என்போர் பிற நாடுகளைப் பார்க்கட்டும். பிரித்தானியா 1963இல் வீட்டு வடிப்புக்கான அனுமதிப்பத்திர முறையை நீக்கியது. அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்டார். ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கலன் என்பது அங்கே எல்லை. வெற்றிலை துப்பினாலும் தண்டம் விதிக்கும் சிங்கப்பூரே 2004இல் வீட்டுக்கு மாதம் 30 லீற்றர் அனுமதித்தது. இவை எவற்றிலும் வீட்டில் சாராயம் வடிக்க இடமில்லை, விற்கவும் இடமில்லை. நான் கேட்பதும் அவ்வளவே: நொதித்த பானம், சொந்தப் பாவனைக்கு, அளவோடு.

நேற்று மருமகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். 5 நாட்கள் குளிரில் வைத்தானாம். குவளைக்குப் பின்னால் ஒரு பழைய பத்திரிகைத் துண்டைப் பிடித்திருந்தான். நான் எழுதியதுதான். எழுத்துகளை வாசிக்க முடிந்தது.