சட்டையைக் கழற்றி ஒரு முங்கு

நெல்லைக் குறுக்குத்துறையில் காலை நேரம் குளிக்க வரும் ஆண்கள் சட்டையைப் பற்றி யோசிப்பதேயில்லை. கல்லில் கழற்றிப் போட்டுவிட்டு, துண்டோடு இறங்கி ஒரு முங்கு. பாபநாசத்திலும் குற்றாலத்திலும் அப்படித்தான். திருச்செந்தூர் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போகவே முடியாது. தாமிரபரணிச் சீமையில் ஆணாக வாழ்கிறவர் நாலு பேர் நடுவே வெற்று மார்போடு நிற்கவேண்டிய நேரம் வந்தே தீரும். பிறப்புச் சான்றிதழில் பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக வாழும் திருநம்பி ஒருவர் அந்த நேரத்துக்குப் பயந்தே ஆற்றை விட்டு ஒதுங்குகிறார்.

சட்டைக்குள் நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. மார்பைத் தட்டையாக்க 'பைண்டர்' என்ற இறுக்கமான உள்ளாடை உண்டு. அது கிடைக்காதவர்கள் மருந்துக்கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கிச் சுற்றிக்கொள்கிறார்கள். அது சுளுக்குக்குக் கட்டுகிற துணி. மார்பில் சுற்றினால் மூச்சு வாங்க இடம் தராது, அசைய அசைய இறுகும். முதுகுவலி, மூச்சுமுட்டல், தோல் புண், விலா எலும்பில் வலி. அக்னி நட்சத்திரத்தில் இதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

இதிலிருந்து விடுபடத்தான் 'டாப் சர்ஜரி' எனப்படும் மார்பு அறுவை சிகிச்சை. மார்பு பெரிதாக இருந்தால் கீழ்ப்புறம் இரண்டு கீறல் போட்டுத் திசுவை நீக்கி, காம்பைச் சிறிதாக்கி ஆணுக்குரிய இடத்தில் ஒட்டுவார்கள். சிறிதாக இருந்தால் காம்பைச் சுற்றிய கருவளையத்தின் ஓரத்திலேயே வேலை முடிந்துவிடும். இது புதுமையும் அல்ல. பின்னாளில் மருத்துவரான பிரிட்டனின் மைக்கேல் டில்லன் 1942-லேயே இதைச் செய்துகொண்டார். பிறகு பௌத்தத் துறவியாகி, 1962-ல் நம் நாட்டு டல்ஹவுசியில்தான் காலமானார்.

மார்பகப் புற்றுநோய்க்கு மார்பை அகற்றுவது மருத்துவக் கல்லூரிகளில் வழக்கமான சிகிச்சை. மார்பு பெருத்த இளைஞர்களுக்குத் திசுவை நீக்கித் தட்டையாக்கும் தனியார் கிளினிக்குகள் விளம்பரமே செய்கின்றன. 'நீ உண்மையிலேயே ஆண்தானா' என்று அந்த இளைஞரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. திருநம்பியிடம் கேட்கிறார்கள். பழையபடி மாற்ற முடியாத சிகிச்சை என்பதால் மருத்துவர் நிதானமாகப் பேசிப் பார்ப்பது நியாயமே. ஆனால் பேசிப் பார்ப்பது வேறு, வாசலில் நிறுத்திவைப்பது வேறு. 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுநெறியே வயதுவந்தோருக்குத் தகுதியுள்ள ஒருவரின் மதிப்பீடு போதும் என்கிறது.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. 2008-ல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. 2019-ல் நாடாளுமன்றம் திருநருக்காக இயற்றிய சட்டத்தின் 15-ஆம் பிரிவு இத்தகைய சிகிச்சையை அரசின் பொறுப்பாகவே எழுதியது. ஆனால் இத்தனையிலும் நம் மனத்தில் இருந்தவர் திருநங்கை. திருநம்பி பின்னால் சேர்ந்துகொண்டவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 'மற்றவர்' என்று 22,364 பேரைக் காட்டியது. அதில் திருநம்பிகள் எத்தனை பேர் என்பது அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் புதைந்துபோனது.

இந்த வித்தியாசம் கத்தி வைத்த பிறகுதான் முழுதாகத் தெரியும். திருநங்கைக்கு 'நிர்வாணம்' எனப்படும் உறுப்பு நீக்கம் முடிந்தால், கவனித்துக்கொள்ள ஜமாத் என்ற திருநங்கையர் குழு இருக்கிறது. மூத்தவர்கள் நாற்பது நாள் பத்தியம் வைத்துப் பார்த்து, நாற்பதாம் நாள் சடங்கும் செய்கிறார்கள். திருநம்பிக்கு அப்படியொரு ஏற்பாடு வளரவில்லை. பெண்ணாக வளர்க்கப்பட்டவர் வீட்டைவிட்டு வெளியேறுவதே பெரும்பாடு. வெளியேறியவர் பெரும்பாலும் தனி ஆள். மார்பில் கட்டு, பக்கத்தில் ரத்தநீர் வடியும் குழாய், சில வாரங்களுக்குக் கையைத் தலைக்குமேல் தூக்கக்கூடாது, வாளித் தண்ணீர் சுமக்கக்கூடாது. யார் தலை சீவிவிடுவது?

அரசு மருத்துவமனையில் முதல் கேள்வியே "கூட யாரு வந்திருக்கா?" என்பதுதான். அடுத்தது ஆண் வார்டா, பெண் வார்டா. மதுரைக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிற நெல்லைக்காரர் இரண்டுக்கும் பதில் இல்லாமல்தான் போகிறார். ஹைகிரவுண்டில் இருக்கும் நம் நெல்லை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட எல்லா இடத்திலும் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். தனி அறையோ, திரைபோட்ட படுக்கையோ ஒதுக்கலாம். ரத்த உறவைத்தான் கேட்பேன் என்று அடம்பிடிக்காமல், உடன் வந்த நண்பரை அட்டெண்டராகப் பதிந்துகொள்ளலாம். குழாய் எடுப்பதையும் தையல் பார்ப்பதையும் உள்ளூரிலேயே செய்யலாம். ஆறாத மார்போடு மறுபடி மதுரை பஸ்ஸில் ஏற்ற வேண்டியதில்லை.